மைக் சாருக்குப் போட்ட மாஸ்க்

மைக் சார் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். மூடினால் எப்படி இருக்கும் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் போன மாதத்திலிருந்துதான்.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஆயுளில் பாதியை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சொல்லித் தீர்த்தவர். அந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும், யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கூண்டை விட்டு வந்த பிறகும் சௌகரியத்தை மட்டும் அவர் விடவில்லை. "வெந்நீர் தயார். குளிக்கிறவங்க குளிக்கலாம்" என்று கூடத்தில் நின்று அறிவிப்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவர் அவர்.

இன்னொருத்தி தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் அவள் மெஷின். கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு, அறுந்த ஜிப், இடுப்பு பெருத்துப்போனவர்களுக்குப் பக்கத் தையல் பிரிப்பது என்று நாள் பூராவும் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்களிடமும் மைக் சாரே பேசிவிடுவார். அளவு எடுக்கிற வேலையை மட்டும்தான் அவளுக்கு விட்டுவைத்தார்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் அறிவித்தார்: "இந்த வீட்டைக் காலி பண்றோம். பையன் வீட்டோட போய் இருக்கப் போறோம். ஓனர்கிட்ட சொல்லியாச்சு."

கழுவிய தட்டு அவள் கையிலேயே நின்றது. "எனக்கு..." என்றாள்.

"உனக்குச் சாமான் கட்டறது கஷ்டம், அதானே? ஆள் வெச்சுக்கலாம்."

"அது இல்லைங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"மெஷினைப் பத்திக் கவலைப்படறே. அங்க போய் மோட்டார் வெச்ச மெஷினே வாங்கிக்கலாம்."

அவள் ஆரம்பிப்பாள், அவர் முடிப்பார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். ஒருத்தி அளவெடுத்த துணியை இன்னொருத்தர் வந்து வெட்டிக்கொண்டே இருந்தால் சட்டை எப்படி உருப்படும்? அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, அவளுக்கு ஜுரம் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்து, அதையும் அறிவித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஆனால் அவள் சொல்ல வந்த வாக்கியம் ஒன்றுகூட இதுவரை அவர் காதுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்ததில்லை. இப்போது அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. நான் வரவில்லை. இரண்டே சொல். அதைச் சொல்லி முடிக்கத்தான் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் பைகளோடு வந்தாள். மகளுக்கு முகப்பூச்சுக் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. புதிதாக வருகிற சீரம், மாஸ்க் எல்லாவற்றையும் கடைக்கு அனுப்பும் முன்னால் ஆட்களுக்குப் போட்டுப் பார்த்து, ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். வயதானவர்களில் எண்ணெய்ச் சருமம் ஒருவர், வறண்ட சருமம் ஒருவர் என்று ஒரே வீட்டில் ஒரு ஜோடி அவளுக்குத் தேவைப்பட்டது.

"வெளிய எதுக்கும்மா தேடணும்? அப்பா நெத்தியில வடியற எண்ணெயில விளக்கே ஏத்தலாம். உன் கன்னத்துல நகத்தால கோடு போட்டா வெள்ளையா அப்படியே நிக்குது."

"எண்ணெய் வடிஞ்சா எதுக்கு ஈரம்? அதான் ஏற்கெனவே வழுவழுன்னு இருக்கே" என்றார் மைக் சார்.

"எண்ணெய் வேற, ஈரம் வேறப்பா. உள்ள காய்ஞ்சு கிடந்தாலும் மேல எண்ணெய் வடியும்."

"முகத்தை ஃபோட்டோ எடுப்பீங்களா?"

"எடுப்போம்."

அதற்குமேல் அவரை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

வாரம் ஒரு பொட்டலம் என்று நான்கு வாரச் சோதனை. எண்ணெய்ச் சருமக்காரருக்கு வந்தது ஒரு பொடி. தண்ணீரில் குழைத்து முகத்தில் அப்பினால் கொழகொழவென்று இருந்து, அப்புறம் ரப்பர் மாதிரி இறுகிவிடும். இருபது நிமிஷம் ஆனதும் தாடையிலிருந்து ஒரே உரியாக உரித்து எடுக்கலாம். அதுவரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வாயை அசைத்தால் வெடித்துவிடும், சோதனை கெட்டுவிடும். வறண்ட சருமக்காரிக்குச் சீரத்தில் ஊறின மெல்லிய துணி. கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை விட்டு வெட்டியிருப்பார்கள், ஈரமாக ஒட்டிக்கொள்ளும். வறண்டவர்கள் பேசலாம்.

முதல் வாரம் அவர் முகத்தில் அது இறுகியதும் வீட்டில் ஒரு அமைதி வந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது அவளுக்குக் கேட்டது. மாடியில் யாரோ நாற்காலி நகர்த்துவது கேட்டது. தன் வீட்டுக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் துணியோடு அவள் அவரைப் பார்த்தாள். அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது, விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன, கண் மட்டும் அங்குமிங்கும் ஓடியது. ஆனால் வாய் மூடியிருந்தது. பேசு, இப்போதே பேசு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவள் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் தள்ளித் தள்ளிப் பார்த்த கதவு தானாகத் திறந்தால் உள்ளே போகக் கால் வருமா?

இரண்டாம் வாரம் துணிந்து வாயைத் திறந்தாள். "என்னங்க... வந்து... இந்தக் குழாய் சொட்டுது பாருங்க. வாஷர் போயிருக்கும்னு நினைக்கறேன்" என்று ஆரம்பித்து, உரித்து எடுக்கிற வரைக்கும் வாஷரைப் பற்றியே பேசி முடித்தாள். மூன்றாம் வாரமும் வாஷர்தான். போதாததற்கு நடுவில் பாவாடைக்கு நாடா கோக்க ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இதோ இன்று கடைசி வாரம். நாளைக் காலையில் வீடு பார்க்க ஆள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெட்டி கட்ட வேண்டியதுதான். இன்று விட்டால் அப்புறம் எந்த மாஸ்க்கும் கிடையாது.

காலையிலேயே மகள் போன் செய்தாள். "அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. இந்த வாரம் மாத்தி வெச்சிருக்கோம். இறுகற மாஸ்க் உனக்கு. வறண்ட சருமத்துக்குன்னே எண்ணெயும் சத்தும் கூடச் சேர்த்தது. அப்பாவுக்குத் துணி. வாயே திறக்கக் கூடாது, புரியுதா?"

"எனக்கா?"

"உனக்குத்தான். சாயந்தரம் நானே வந்து ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. அன்று பூராவும் அவள் கை அவள் கையாக இல்லை. ஒரு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள். எழுந்து போய்ப் பொட்டலங்களைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள், நூல் கோத்தாள், மறுபடி எழுந்தாள். அவள் வாயில் ரப்பர், அவர் வாயில் ஒன்றுமில்லை! பொட்டலங்களை மாற்றிவிட்டால்? மகளின் சோதனை பாழாகும். மகள் ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. பெற்ற தாய் செய்கிற காரியமா இது? செய்யாவிட்டால் மட்டும்? நாளைக்கு வருகிறவர்கள் கூடத்தில் நின்று இந்த ஜன்னலோரம் சோபா போடலாமா என்று கேட்பார்கள். அவர் போடலாம் என்பார்.

சாயங்காலம் அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கடைசி மாஸ்க் இன்று பூசப்படும்" என்று அறிவித்தார். அவள் கிண்ணத்தில் பொடியைக் குழைத்தாள். குழைத்ததை எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள். கன்னம், மூக்கு, தாடை, கடைசியாக உதட்டைச் சுற்றி. கொஞ்சம் அதிகமாகவே வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வந்த துணியைத் தன் முகத்தில் போட்டுக்கொண்டாள். எண்ணெய்ச் சருமத்துக்கான சீரம் அவள் காய்ந்த தோலில் சுரீரென்று பிடித்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று உட்கார்ந்தாள். கடிகாரம் ஓடியது. அவர் முகத்தில் பளபளப்பு மங்கி இறுக ஆரம்பித்தது.

"என்னங்க" என்றாள். "குழாய்..." என்று நாக்கு அதுவாகவே பழைய பாதையில் போனது. தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. முகத்திலிருந்த துணியை உருவிக் கிண்ணத்தில் போட்டாள்.

"நான் வரலைங்க."

அவர் கண் திறந்தது.

"பையன் வீட்டுக்கு நான் வரலை. இந்த வீட்டை நான் காலி பண்ண மாட்டேன்."

அவர் கை எழுந்தது. உள்ளங்கையைக் காட்டி நிறுத்து என்றது. அவள் நிறுத்தவில்லை. தன் முகத்தைச் சுட்டிக் காட்டினார்.

"தெரியும். உங்களால இப்பப் பேச முடியாது. அதனாலதான் நான் பேசறேன்."

அவர் எழுந்தார். ஜன்னல் வரை போனார், கதவு வரை போனார், திரும்பி வந்தார். கூண்டுக்குள் மைக் கெட்டுப்போன நாளில்கூட இப்படித் தவித்திருக்க மாட்டார். அவளும் எழுந்துவிட்டாள். கூடத்தில் அவர் அந்தப் பக்கம் நடக்க, அவள் இந்தப் பக்கம் நடந்துகொண்டே பேசினாள். இத்தனை நாள் உள்ளே கிடந்தது எல்லாம் வாய்க்கு வந்தது.

"போன வீட்டை விட்டு வந்தப்போ எதிர்வீட்டு அக்காகிட்ட நான் சொல்லிக்கவே இல்லை. தினம் சாயந்தரம் என்கூட உட்கார்ந்து பட்டன் கட்டினவங்க. ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்னு சொல்ல வந்தேன். லாரிக்கு நேரமாச்சுன்னு நீங்களே முடிச்சுட்டீங்க. அதுக்கு முந்தின வீட்டுலயும் அப்படித்தான். மாத்தல் வந்தா போய்த்தான் ஆகணும், ஒத்துக்கறேன். இப்ப யாருங்க மாத்தல் போட்டாங்க?"

அவர் நின்றார்.

"பையன் கூப்பிட்டானா? நான் கேட்டேன் அவனை. 'வந்தா வாங்கம்மா'ன்னான். வாங்கன்னு சொல்றதுக்கும் வந்தா வாங்கன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இல்லையா? அவன் மேல தப்பில்ல. அவனுக்கு அவன் பாடு."

அப்போதுதான் மகள் கேமராப் பையோடு உள்ளே வந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள். "ஐயோ அம்மா! அது உனக்குள்ளது..."

"தெரியும். உட்காரு."

அந்தக் குரலை மகள் அதற்கு முன் கேட்டதில்லை. தைக்க வந்த துணிக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் தெருவுல என்னை யாரும் மைக் சார் சம்சாரம்னு சொல்றதில்ல" என்றாள் தையல்காரி அவரைப் பார்த்து. "உங்களைத்தான் தையல்கார அம்மா வீட்டுக்காரர்ங்கறாங்க. உங்க முன்னாடி சொல்ல மாட்டாங்க, அதனால உங்களுக்குத் தெரியாது. எனக்கு அது பிடிச்சிருக்குங்க. வெக்கமில்லாம சொல்றேன், ரொம்பப் பிடிச்சிருக்கு. அங்க வந்து நான் யாரு? மருமக ஆபீஸ் போனப்புறம் சோபாவுல உட்கார்ந்திருக்கற மாமியார். நீங்க போகணும்னா போங்க. பேரனைக் கொஞ்சிட்டு இருங்க, நான் தடுக்கலை. உங்க மேல கோபமும் இல்ல. கோபம் இல்லைன்னா பொய். இருக்கு. ஆனா அதுக்காகச் சொல்லலை. நான் இங்கதான் இருப்பேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்ன பிறகுதான் சொல்லி முடித்துவிட்டது அவளுக்கே உறைத்தது. ஒரு பேச்சை நடுவில் அறுபடாமல் கடைசிவரை கொண்டுபோனது அதுவே முதல் தடவை. மெஷின் முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

மைக் சார் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். மாஸ்க்கின் ஓரத்தில், காதுக்குக் கிட்டே தோல் சிவந்துகொண்டு வந்தது. கை நாற்காலியின் பிரம்பைச் சுரண்டியது.

"அப்பா, எரியுதா? எடுத்துடலாமா? இது உங்க சருமத்துக்கு ஆகாதுப்பா" என்றாள் மகள்.

அவர் தலையை வலதும் இடதுமாக அசைத்தார், வெடிக்காத அளவுக்கு மெதுவாக.

நேரம் ஆனதும் மகளே தாடையில் விரலை விட்டு உரித்தாள். ஒரே உரியாக வந்தது, ஒரு கீறல்கூட இல்லை. கீழே இருந்த முகம் தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தது. தையல்காரி இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். அணை திறந்தது, இனி வெள்ளம்தான்.

அவர் உதட்டை இரண்டு தரம் மடித்துப் பார்த்துக்கொண்டார். "பொட்டலத்துல பெரிய எழுத்துல போட்டிருந்துச்சு" என்றார். "வறண்ட சருமத்துக்கு மட்டும்னு. காலையிலயே படிச்சேன்."

"தெரிஞ்சுமா முகத்தைக் காட்டினீங்க?" என்றாள் அவள்.

"பின்ன என்ன? எழுதியிருக்கறதைப் படிக்காம விடறவனா நான்? மூணு வாரத்துல ரெண்டு வாரம் வாஷரைப் பத்தியே பேசினே. நானும் வாஷரைத்தான் சொல்றியாக்கும்னு போன வாரமே புதுசு மாத்திட்டேன். மாத்தினப்புறமும் உன் முகம் தெளியலை, அதான் காட்டினேன். இன்னிக்கும் குழாய்னு ஆரம்பிக்கறே. சொட்டாத குழாயைப் பத்தி ஒரு பொம்பளை பேசறான்னா வேற ஏதோ இருக்குன்னு தெரியாதா?" கன்னத்தைத் தடவி முகத்தைச் சுளித்தார். "என்ன எரிச்சல்! இதுக்காக நீ சொன்னதெல்லாம் சரின்னு நான் சொல்லலை. அன்னிக்கு லாரிக்கு நேரமாச்சு. நேரமாச்சுன்னா நேரமாச்சுதான்."

"ஆபீஸ்ல நான் என்னம்மா சொல்வேன்?" என்று மகள் கையிலிருந்த ரப்பர் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா மாத்திப் போட்டுக் கெடுத்துட்டான்னு உள்ளதைச் சொல்லு. திட்டினாங்கன்னா என்னை வரச் சொல்லு, நானே வந்து சொல்றேன்" என்றாள் தையல்காரி.

போன் அடித்தது. வீட்டு ஓனர். மைக் சார் பழக்கத்தில் எடுத்து, "வணக்கம். நாளைக்குக் காலையில..." என்று கணீரென்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லிடு."

அவள் வாங்கினாள். "நாளைக்கு யாரையும் அனுப்ப வேணாங்க. நான் காலி பண்ணலை. நான் இங்கயே இருக்கேன்."

"என்னம்மா திடீர்னு? சார் வேற மாதிரி சொன்னாரே. அப்ப சாரும் இருக்காரா?"

அவரும்தான் என்கிற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அவரும் தட்டமாட்டார், தலையாட்டிவிடுவார். அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"அவரைப் பத்தி நான் எப்படிங்க சொல்ல முடியும்? அவரையே கேட்டுக்கோங்க" என்று போனைத் திரும்ப நீட்டினாள்.

அவர் வாங்கினார். பேச வாயெடுத்தார், மூடினார். போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத முகம், சிவந்து, வெந்து, சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

"நான் இங்க இருக்கலாமா?" என்றார். அறிவிப்புக் குரல் இல்லை அது. பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்.

அவள் மேசையைத் துடைத்தாள். கிண்ணத்தை எடுத்து வைத்தாள். மகள் பையிலிருந்த சீரம் புட்டிகள் இரண்டில் எது எந்தச் சருமத்துக்கு என்று நிதானமாகப் படித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவ்வளவு நேரமும் அவர் போனைப் பொத்திக்கொண்டு, அவள் சொல்லப்போவதை முடித்து வைக்காமல், காத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல போய் மூஞ்சியைக் கழுவுங்க" என்றாள். "துடைக்காம ஈரத்தோட வாங்க. சீரம் போடணும்."

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். போனுக்குள்ளேயிருந்து ஓனர், ஹலோ, சார், ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.